தானாக அணையட்டும்

குருவிமலைத் தோட்டம்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. தொலைபேசிக் கோபுரம் தீயில் போய்விட்டது. இந்த மலையில் யாருடைய போனும் வேலை செய்யவில்லை. எங்கள் ஜீப் சாரதி டிலான் வெள்ளிக்கிழமைகளில் கொழும்புக்கு இறங்கித் திங்கட்கிழமை திரும்புகிறான். உங்கள் வீட்டைக் கடந்துதான் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். பதில் எழுதினால் அவனிடமே கொடுங்கள்.

பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இங்கே பற்றிய தீயைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மானாப்புல், அதற்கு மேலே பைன் மரம், மரத்துக்கு அப்பால் தொழிலாளர் குடியிருக்கும் லயம். காற்று மேல்நோக்கி அடித்திருக்கிறது. கடைசிக் காம்பராவில் நடக்கமுடியாமல் படுத்திருந்த அஞ்சலை என்ற அம்மாவை வெளியே தூக்கமுடியவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக இந்த மலைத் தீக்கள் சனங்களிடமிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டு போகின்றன என்றுதான் ஆராய்கிறேன். தோட்டத்துத் துரையிடம் கேட்டால் தேயிலையை ஏக்கரில் சொல்லிவிடுகிறார். லயத்தில் கேட்டால் அப்படிச் சொல்லத் தெரிவதில்லை. ஒரு பெண் "அடையாள அட்டை எரிஞ்சிபோச்சுங்க" என்றாள். ஒரு வரியில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. அட்டை இல்லாமல் அரச உதவிப் பணம் எடுக்கமுடியாது. புது அட்டைக்குக் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கப் போனால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஒரு சின்ன அட்டை ஒரு வீட்டையே படுக்கப்போட்டுவிடுகிறது.

தீ வைத்தவன் என்று றமேஷ் என்பவரைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் போட்டிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர். செத்துப்போன அஞ்சலையம்மா அவருடைய மாமியார். மனைவி ஜெகதீஸ்வரி ஏழு மாதக் கர்ப்பம். தாயைப் புதைத்த கிழமையிலேயே புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அத்தானின் உடம்பு எப்படி? கதிர்காமம் போய்வந்தீர்களா? பழைய சேலை, போர்வை ஏதும் இருந்தால் டிலானிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே இரவில் குளிர் பொல்லாதது.

பிரியந்தன்

•

முருகன் துணை

வெள்ளவத்தை
24.08.2025

என் அன்புத் தம்பி பிரியந்தனுக்கு,

போன் இல்லாமல் போனால்தான் நீ அக்காவுக்கு நாலு வரி எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் அந்தக் கோபுரத்தை நான் எப்போதோ விழுத்தியிருப்பேன். பகிடிதான், கோபிக்காதே.

இரண்டு பை அனுப்புகிறேன். சேலைகள் தோய்த்து மடித்தவை. மகள் ஹம்சிகா சின்ன வயதில் உடுத்த சட்டைகளும் இருக்கின்றன. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை என்றால் உதவும். உனக்குப் பயற்றம் பணியாரம். கதிர்காமத் திருநீறும் வைத்திருக்கிறேன். நீ பூசமாட்டாய், பெட்டிக்குள் என்றாலும் கிடக்கட்டும்.

அத்தான் நன்றாக இருக்கிறார். மே மாதம் அவரை நெஞ்சு வெட்டும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது நான் ஆஸ்பத்திரி நடையில் நின்று வைத்த நேர்த்தி அது: இவர் உயிரோடு திரும்பினால் கதிர்காமம் கூட்டிக்கொண்டு போவேன், வழியில் காணும் பிள்ளையாருக்கெல்லாம் இவர் கையாலே தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவிப்பேன் என்று. கொடியேற்றக் கூட்டம் குறையட்டும் என்று பார்த்திருந்து, போயாப் பௌர்ணமி லீவோடு போனோம். கொட்டாஞ்சேனை நோபேட்டின் வான். வேதக்காரப் பிள்ளை, மாதா கோவில்காரன் என்றாலும் மூன்று நாளும் மீன் மச்சம் தொடாமல் எங்களோடு வந்தான்.

திரும்பும்போது வெல்லவாயவால் ஏறி வந்தோம். பெரகலைக்கு முன்னால், மலைப் பக்கமாக ஒரு வளைவில், மரத்தடியில் சின்னப் பிள்ளையார் ஒன்று. கவனிப்பாரில்லை, சுற்றிவர இடுப்பளவு காய்ந்த புல். பாவமாக இருந்தது. அத்தான் இறங்கித் தேங்காய் உடைத்து, ஒரு பாதிக்குள் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் கையை நடுங்காமல் பார்த்தேன் தெரியுமா? புறப்படும்போது நோபேட் போத்தலோடு ஓடிவந்தான். "அக்கா, காத்து அடிக்குது, கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போவமா?" நான் விடவில்லை. "சாமிக்கு ஏத்தினதை அணைக்கக்கூடாது தம்பி, தானாக அணையட்டும், நீ வானை எடு" என்றேன். பாவம், போத்தலை மூடிக்கொண்டு போய் ஏறினான்.

நீ சொல்லும் தீயை மறுநாள் பேப்பரில் பார்த்தேன். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பக்கம்! அரை மணி பிந்தியிருந்தால் நாங்களும் அதற்குள் மாட்டியிருப்போம். அந்தப் பிள்ளையார்தான் எங்களை முன்னாலே அனுப்பிவிட்டார். இதற்கும் நீ சிரிப்பாய்.

உடம்பைக் கவனி. புகைக்குள் நிற்காதே.

அக்கா
நேசமலர்

•

குருவிமலை
29 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

பைகள் கிடைத்தன. ஜெகதீஸ்வரி சட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் விரித்துப் பார்த்தாள்.

சில விஷயங்கள் கேட்கவேண்டும். அத்தானுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டாம்.

அந்தப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்து கிடந்ததா? எத்தனை மணி இருக்கும்? கற்பூரம் வைத்த தேங்காய்ப் பாதி கல்லின்மேல் இருந்ததா, புல்லின்மேலா? நீங்கள் புறப்படும்போது எரிந்துகொண்டிருந்ததா?

வன இலாகாவிலிருந்து வந்தவர் தீ எங்கே தொடங்கியது என்று எனக்குக் காட்டினார். எரிந்த மண்ணைப் பார்த்தே தீ எந்தப் பக்கம் நடந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் காலால் தட்டிக் காட்டிய இடத்தில் கரியாய்ப் போன தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. அதற்குப் பின்னால் பிள்ளையார்.

றமேஷ் ஆடு கட்டும் இடமும் அந்த வளைவுக்குக் கிட்டத்தான். அதுதான் பொலிசுக்குப் போதுமாக இருக்கிறது.

பிரியந்தன்

•

வெள்ளவத்தை
31.08.2025

பிரியந்தன்,

நீ அக்காவுக்கு எழுதிய கடிதமா, இல்லை உன்னுடைய கேள்விப் பத்திரமா? லயத்து வாசலில் நின்று கேட்பதுபோல் என்னைக் கேட்கிறாய். எத்தனை மணி, கல்லா புல்லா. எனக்குத் தெரியாது. நான் சாமியைப் பார்த்துக் கும்பிட்டேன், நிலத்தைப் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க அந்த றோட்டால் போகிறது. எத்தனை பேர் சிகரெட் எறிகிறார்கள். எத்தனை பேர் கொத்து ரொட்டி தின்ற கடதாசியை எரிக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு உனக்கு உன் அக்காவின் கற்பூரம்தான் கண்ணில் பட்டதா? சின்ன வயதிலிருந்தே உனக்குச் சாமி காரியம் என்றால் இளக்காரம். இப்போது அதற்கு ஒரு ஆராய்ச்சியும் கிடைத்துவிட்டது.

அப்பா போன பிறகு உன்னைப் பல்கலைக்கழகம் அனுப்பியது யார்? அத்தான். மச்சான் என்று பார்க்காமல் மகன்போலப் பார்த்தார். அந்த மனுசனை இந்த இருதயத்தோடு பொலிஸ் வாசலில் நிறுத்தப்போகிறாயா? அதிர்ச்சி ஒன்றும் கூடாது என்று டொக்டர் எனக்கு முகத்துக்கு நேரே சொன்னவர்.

இதை எழுதி முடித்துவிட்டு எழும்பினேன். திரும்பவும் இருந்து எழுதுகிறேன்.

தொட்டி இருந்தது. உடைந்த தொட்டிதான். அத்தான் அதன் விளிம்பில் கைவைத்துத்தான் எழும்பினார்.

தம்பி, எரிந்துகொண்டுதான் இருந்தது. வானின் பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டேன். வடிவாக எரிந்தது.

யாருக்கும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா

•

குருவிமலை
5 செப்டெம்பர்

அக்கா,

உங்கள் கடிதங்களை யாருக்கும் காட்டமாட்டேன். பொலிசுக்கும் போகமாட்டேன். நீங்கள் அதை எனக்கு எழுதியது தம்பி என்று. அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் கொடுக்க என்னால் முடியாது.

ஆனால் இதையும் கேளுங்கள். றமேஷை உள்ளே போட்டது உங்கள் கற்பூரம் மட்டுமில்லை, நானும்தான்.

போன வருடம் நான் எழுதிய அறிக்கையில் ஒரு வசனம் இருக்கிறது: இந்த மலைகளில் தீ வைப்பவர்களில் அதிகம் பேர் மேய்ச்சலுக்காகப் புல் எரிப்பவர்கள். அந்த வசனத்துக்காக என் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் றமேஷும் ஒருவர். "எரிப்பீங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க, மழைக்கு முந்தி கொஞ்சம் எரிப்போம், அப்பதானே ஐயா பச்சைப்புல்லு வரும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். தேத்தண்ணியும் தந்தார். தீ பற்றிய மறுநாள் துரை அந்த அறிக்கையைத்தான் பொலிசுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கொழும்பில் படித்தவர் எழுதியது, அதற்கு மேல் என்ன சாட்சி என்று.

அந்த வசனம் இந்தத் தீக்குப் பொருந்தாது என்று என் மேலிடத்துக்கு எழுதினேன். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். சிரட்டையைச் சொன்னேன். கோவில் இருக்கும் இடத்தில் சிரட்டை கிடக்கத்தானே செய்யும் என்று பதில் வந்தது. சரியான பதில்தான்.

ஜெகதீஸ்வரி தினமும் என் வாசலுக்கு வருகிறாள். உள்ளே வரச்சொன்னாலும் வரமாட்டாள். "ஐயா, நீங்க எழுதுனீங்கனா உட்டுடுவாங்களாமே?" என்று கேட்கிறாள். அவள் அழுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. பொலிஸ் கேசில் மாட்டியவன் குடும்பத்துக்குக் காம்பரா இல்லை என்று தோட்டத்தில் சொல்லியாகிவிட்டது. பிள்ளைபெற அவளுக்கு ஒரு கூரை இருக்காது.

பதினாறாம் திகதி செவ்வாய்க்கிழமை வழக்கு. குற்றத்தை ஒத்துக்கொண்டால் கெதியாக வெளியே வரலாம் என்று யாரோ றமேஷுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உயிர் போன வழக்கில் அப்படி வெளியே வரமுடியாது. அவருக்கு அது விளங்கவில்லை. நாளுக்கு நாள் அவர் அந்தப் பக்கம் சாய்கிறார்.

என்ன செய்யச் சொல்கிறீர்கள் அக்கா? உண்மையாகவே கேட்கிறேன்.

பிரியந்தன்

•

வெள்ளவத்தை
07.09.2025

தம்பி,

நேற்றுக் காலை அத்தானுக்குச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மட்டக்குளி பஸ்சில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோவிலுக்கு என்று பொய் சொன்னேன்.

நோபேட்டின் வீடு ஜம்பட்டா வீதிக்குள் ஒரு ஒழுங்கை. என்னைக் கண்டதும் அவன் முகம் விழுந்துபோனது. அவன் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. கதிரையைத் துடைத்துப் போட்டு, "வாங்கக்கா, நீங்களாவது கேளுங்க. மூணு செவ்வாக்கிழமையா இந்தாளு கொச்சிக்கடை அந்தோனியார்ட்ட போறதில்ல. கேட்டா வேன்ல பிரேக் சரியில்லங்குது. வேனுக்கும் அந்தோனியாருக்கும் என்ன கோவம்?" என்றாள்.

"நீ போய் தேத்தண்ணிய போடு" என்று அவளை அனுப்பினான். பிறகு குரலைக் குறைத்தான். "டீவில காட்டினாங்கக்கா, அந்த வளைவ. நம்ம நின்ட இடம். உடனே தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் தம்பி எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"என்னத்தக்கா சொல்ல? ஐயா இப்பதான் எழும்பி நடக்கிறாரு."

நான் அவனிடம் கேட்கப் போனது ஒன்றுதான். கேட்டேன். யாரும் விசாரித்தால் அங்கே நிற்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். தலையை ஆட்டினான். "சரிக்கா. நீங்க சொன்னா நிக்கல்லனே சொல்றேன்." வாசல்வரை வந்துவிட்டு மெல்லச் சொன்னான்: "அன்னைக்கும் நீங்க சொன்னீங்கனுதானே நின்டேன். என் சாமியா இருந்தா நான் தண்ணிய ஊத்திட்டு அப்புறமா மன்னிப்பு கேட்டிருப்பேன். இது உங்க சாமி. அதுக்கு மேல நான் எப்பிடிக்கா ஊத்துறது?"

பஸ்சில் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த முஸ்லிம் பிள்ளை ஒன்று இடத்தை விட்டு எழும்பி, என்னை ஜன்னல் பக்கம் இருக்கவிட்டது.

தம்பி, உனக்குப் பிடிக்காவிட்டாலும் கேள். நான் முருகனிடம் ஒரு உயிரைக் கேட்டேன், தந்தார். அதே நேர்த்தியை நிறைவேற்றிய வழியில் இன்னொரு உயிர் போயிருக்கிறது. இவர் பக்கத்தில் படுத்து மூச்சு விடும்போது அந்த அம்மாவின் மூச்சோ என்று கேட்கிறது. நான் கேட்டது இப்படியா போய்ச் சேர்ந்தது? சாமி அறைக்குள் போய் நிற்கிறேன், ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை.

ஆனாலும் என்னால் சொல்லமுடியாது. சொன்னால் அவர் விழுந்துவிடுவார். அந்த மனுசனைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தியவளே நான்தானே.

இத்துடன் என் காப்பு இரண்டையும் துணியில் சுற்றி அனுப்புகிறேன். டிலானுக்குப் பணியாரம் என்று சொல்லியிருக்கிறேன். விற்று நல்ல வக்கீலாகப் பார். மிச்சத்தை அந்தப் பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்குக் கொடு. என்னால் இயன்றது இதுதான். இதற்கு மேல் கேட்காதே.

அக்கா

•

குருவிமலை
12 செப்டெம்பர்

அக்கா,

காப்புகளைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஜெகதீஸ்வரியிடம் உதவி என்றுதான் சொன்னேன். துணியை விரித்துப் பார்த்தாள். "யாருங்க தந்தாங்க?" என்றாள். கொழும்பில் ஒரு அம்மா என்றேன். "என்னைய தெரியாத அம்மா கையில போட்டத கழட்டி ஏன்யா தராங்க?" என்று கேட்டாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணியைத் திரும்பச் சுற்றி வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து என் வாசலுக்கு வருவதில்லை.

நான் ஏற்கெனவே ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டேன். அவரும் அதைத்தான் சொல்கிறார்: றமேஷ் வைக்கவில்லை என்று காட்டுவதற்கு, வேறு எப்படிப் பற்றியது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

நேற்று ஜெகதீஸ்வரியைப் பார்க்க வளைவுக்கு இறங்கினேன். அந்தப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தாள். புருஷன் வரவேண்டும் என்று அவளும் கற்பூரம் கொளுத்தியிருந்தாள். அதே பிள்ளையார், அதே கல். சுற்றிவரச் சாம்பலைக் கூட்டி, மண்ணை நனைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் எழும்பவில்லை. கற்பூரம் கடைசிவரை எரிந்து, தானே அணைந்து, கல்லும் ஆறும்வரை அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு கல்லில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினாள்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சாமிக்கு ஏற்றியதை அணைக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்களே, அவளும் அணைக்கவில்லை. காத்திருந்தாள். நாம் இருட்டுமுன் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும் என்று வானில் ஏறிவிடுகிறோம். எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு வசனத்தைப் பற்றவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

றமேஷ் ஒத்துக்கொள்ளத் தயாராகிவிட்டார் என்று வக்கீல் இன்று சொன்னார். உள்ளே அடிக்கிறார்களோ என்று கேட்டேன். "இல்லை, ஒத்துக்கொண்டால் பெண்சாதியைக் காம்பராவிலிருந்து வெளியே இறக்கமாட்டார்கள் என்று யாரோ ஆசைகாட்டிவிட்டார்கள்" என்றார்.

இனி நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் நீதிமன்றத்தில் ஏறி என் அறிக்கை பிழை என்று சொல்வேன். வேலை போகும், போகட்டும். அது அவரை வெளியே கொண்டுவராது என்றும் தெரியும்.

அத்தானைக் கவனமாகப் பாருங்கள்.

பிரியந்தன்

•

பொலிஸ் நிலையம்
15.09.2025, மத்தியானம்

தம்பி,

உனக்கு அறிவிக்க வேறு வழியில்லை. டிலானின் ஜீப்பில்தான் வந்தேன். அவன் மேலே ஏறுகிறான், இதைத் தருவான்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. சனிக்கிழமை முழுக்க ஒன்றும் சமைக்கவில்லை. ஞாயிறு காலை ஹம்சிகாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அத்தானிடம் சொன்னேன். விழுவார் என்று அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர் விழவில்லை. "அந்த அம்மாவுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "கொளுத்தினது நான். நான் வாறன்" என்று எழும்பிச் சேர்ட்டை எடுத்தார். பட்டன் பூட்டமுடியவில்லை. ஹம்சிகா அழத் தொடங்கினாள். அவரை இருத்தி, அவள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேன். என்ன ஆகும் என்று தெரியாது. டிலானின் போனில் சிக்னல் இருந்த இடம்வரை இரண்டுதரம் எடுத்துப் பார்த்தேன். இரண்டுதரமும் "இருக்கிறார் அம்மா" என்றுதான் ஹம்சிகா சொன்னாள்.

நோபேட் தன் வானில் பின்னால் வந்தான். நான் கூப்பிடவில்லை. போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

பெண் பொலிஸ் ஒருத்தி சிங்களத்தில் எழுதினாள். எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக்கடைச் சிங்களம், நோபேட் சொல்லிக்கொடுத்தான். யார் கொளுத்தியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். நோபேட் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே சொன்னான். தண்ணீர் ஊற்ற வந்தவனைத் தடுத்தது நான் என்பதையும் எழுதச்சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு, ஏன் தடுத்தாய் என்று கேட்டாள். அதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று நோபேட்டுக்குத் தெரியவில்லை. தமிழில் எனக்கும் தெரியவில்லை.

உனக்கு ஒரு கட்டளை. அத்தானின் பேரை நீ எங்கேயும் சொல்லக்கூடாது. நாளைக்கு உன் அறிக்கையைப் பற்றி நீ சொல்ல இருப்பதைச் சொல். இதில் மட்டும் உனக்கு உண்மை வேண்டாம். இது உன் அக்கா கேட்கும் பிச்சை.

இங்கே இருக்க ஒரு வாங்கு தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு விடமாட்டார்களாம். றமேஷை விடுவார்களா என்று கேட்டேன். அது நீதவானுடைய காரியம் என்றாள். நான் இவ்வளவு சொல்லியும் விடாமல் போகலாமா என்று திரும்பக் கேட்டேன். அவள் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினாள்.

பயமாக இருக்கிறது தம்பி. கும்பிட வருகிறதா என்று பார்த்தேன், இன்னும் வரவில்லை.

நாளைக்கு நீதிமன்றத்துக்கு நேரத்தோடு வா. என் பக்கத்தில் வந்து நிற்காதே. அந்தப் பிள்ளை ஜெகதீஸ்வரி தனியாகத்தான் வந்திருப்பாள். அவள் பக்கத்தில் நில்.

அக்கா